வீட்டிற்கு ஏற்ற வைஃபை ரவுட்டர்: வாங்கு முன் அறிய வேண்டியவை



ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் ஒரு லயத்திற்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தாலே அது பெருமையாகக் கருதப்பட்டது. மாலை வேளைகளில் அந்த ஒரு வீட்டின் வாசலில் அண்டை அயலார் அனைவரும் கூடிச் செய்தி கேட்டனர். வானொலிப் பெட்டி வாங்குவதில் குழப்பம் ஏதும் இருக்கவில்லை. பாட்டரியைப் போட்டுக் குமிழைத் திருகினால் அது பாடும். பாடாவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்று நம் இல்லங்களுக்குள் புகுந்திருக்கும் புதிய பெட்டி அத்தகையது அன்று. வைஃபை ரவுட்டர் என்னும் அப்பெட்டியில் விளக்குகள் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். ஆயினும் இணையம் வராமற் போகலாம். குறை எங்கே உள்ளது என்பது வாங்கியவருக்கும் விளங்காது. சில வேளைகளில் விற்றவருக்கும் விளங்காது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்னும் முறையில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் பயில நேர்ந்தது. அன்று தொடங்கி, இணையம் என்பது பொழுதுபோக்கு என்ற நிலை மாறி, அரிசி, பருப்பு போல வீட்டின் தேவைகளுள் ஒன்றாகிவிட்டது. பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் அந்நிலை மாறவில்லை. பிள்ளைகளின் பயிற்சிகள், உயர்கல்வி விண்ணப்பங்கள், அரசாங்க உதவித் தொகைக்கான மனுக்கள் ஆகிய பலவும் இன்று இணையத்தின் வழியே செல்கின்றன. ஆகவே இப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு படிப்போம்.

ஒரு வீட்டில் நாம் கண்டது

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிற்கு நாம் பணி நிமித்தம் சென்றிருந்தோம். பால்மரம் வெட்டும் தாய் ஒருவர் எம்மைத் தம் வீட்டிற்கு அழைத்தார். அவருடைய மூத்த மகன் அப்போது எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். கூடத்தில் சாமி படத்திற்குப் பக்கத்தில், நான்கு கொம்புகளுடன் ஒரு புதிய ரவுட்டர் வீற்றிருந்தது. லயத்திற்கு வந்த விற்பனையாளர் ஒருவரிடம், மாதம் 35 வெள்ளி வீதம் 12 மாதத் தவணையில் அதை வாங்கியிருந்தார்கள்.

"ஐயா, வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. ஒரு நாள்கூட வேலை செய்யல. இவனுக்குப் பயன்படுத்தத் தெரியலன்னு தினமும் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார் அத்தாய்.

மகன் தலை குனிந்து நின்றான். பின்னர் மெல்லச் சொன்னான்: "பெட்டி நல்ல பெட்டிதான் சார். ஆனா, தண்ணி வராத வீட்டுக்குக் குழாய் வாங்கி மாட்டியிருக்கோம்."

அவன் கூறியது முற்றிலும் உண்மை. அந்த ரவுட்டர் இணைய இணைப்புக் கம்பியைச் செருகுவதற்கான வகையைச் சேர்ந்தது. சிம் அட்டை போடும் இடம் அதில் இல்லை. அந்த லயத்திற்கோ எவ்விதக் கம்பி இணைப்பும் வந்திருக்கவில்லை. பட்டணத்துக் கடையில் 150 வெள்ளிக்குக் கிடைக்கும் அப்பெட்டிக்கு, 12 தவணைகளில் 420 வெள்ளி கொடுக்க அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தனர். தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளையோ, தாயின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டில் போய் அமர்ந்து பாடங்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

பணம் போனது ஒரு நட்டம். குற்றமற்ற பிள்ளை இரண்டு மாதம் ஏச்சுக் கேட்டது அதனினும் பெரிய நட்டம். இத்தகைய நட்டம் வேறு எந்த வீட்டிலும் நேரக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ரவுட்டர் என்பது யாது?

தோட்டத்திற்கு வரும் கடிதங்களை நினைத்துப் பார்ப்போம். பட்டணத்து அஞ்சல் நிலையத்திலிருந்து ஒரே பையில் எல்லாக் கடிதங்களும் தோட்ட அலுவலகத்திற்கு வந்து சேரும். கிராணி அப்பையைப் பிரித்து, பெயரும் வீட்டு எண்ணும் பார்த்து, இது முதல் லயத்திற்கு, இது மூன்றாம் லயத்திற்கு என்று வகைப்படுத்திக் கொடுப்பார். நாம் எழுதும் கடிதங்களும் அவர் வழியாகவே வெளியே செல்லும்.

ரவுட்டர் செய்யும் வேலையும் இதுவே. இணையத்திலிருந்து ஒரே வழியில் வரும் செய்திகளைப் பிரித்து, இது மகனின் கணினிக்கு, இது மகளின் கைப்பேசிக்கு, இது தொலைக்காட்சிக்கு என்று அது அனுப்பி வைக்கிறது. அவ்வாறு அனுப்புவதற்குக் கம்பிக்குப் பதிலாக வானொலி அலைகளைப் பயன்படுத்துவதையே வைஃபை என்கிறோம். இப்பெயர் 1999ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். கிராணி கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பாரே அன்றி, கடிதங்களை அவர் உண்டாக்குவதில்லை. அஞ்சற்பை வராத நாளில் கிராணி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நமக்குக் கடிதம் கிடைக்காது. அதுபோலவே, இணையம் வீட்டிற்கு வராத நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரும் பயன் தராது. கொம்புகள் நான்காயினும் எட்டாயினும் நிலைமை ஒன்றே.

2. முதலில் வழியைக் கண்டறிக

ஆகவே கடைக்குப் போகு முன்னர், நம் வீட்டிற்கு இணையம் எவ்வழியே வரக்கூடும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் வழிகள் இரண்டு.

முதல் வழி, கண்ணாடி இழைக் கம்பி. முடி போன்ற மெல்லிய கண்ணாடி இழையினுள் ஒளியாகச் செய்தி வருகிறது. கிடைக்குமாயின் இதுவே சிறந்த வழி. மழையோ மேடோ இதைத் தடுப்பதில்லை. பெரும்பாலும் மாத அளவுக் கட்டுப்பாடும் இல்லை. இணைப்புத் தரும் நிறுவனங்கள் பெரும்பாலான திட்டங்களில் ரவுட்டரையும் சேர்த்தே கொடுக்கின்றன. அவ்வாறாயின் தனியாக ரவுட்டர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. விண்ணப்பிக்கும்போதே "ரவுட்டர் திட்டத்தில் அடங்குமா?" என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுக.

இரண்டாம் வழி, கைப்பேசிக் கோபுரத்தின் அலை. கைப்பேசியில் போடுவது போன்ற சிம் அட்டையை ரவுட்டரில் போட்டு, கோபுரத்திலிருந்து வரும் 4ஜி அல்லது 5ஜி அலையைப் பிடித்து வீட்டினுள் பரப்புவது இம்முறை. கம்பி எட்டாத தோட்டங்களுக்கு இதுவே கைகொடுக்கும் வழி.

இவ்விரண்டனுள் எது கிடைக்கும் என்பதை விற்பனையாளரிடம் கேட்டு அறிவதைக் காட்டிலும் நாமே சோதித்து அறிவது மேல். கம்பி இணைப்புக்கு, அக்கம்பக்கத்தில் யார் வீட்டிற்கேனும் அது வந்துள்ளதா எனப் பார்க்கலாம். நிறுவனத்தின் கிளையில் வீட்டு முகவரியைக் கூறி விசாரிக்கலாம். கோபுர அலைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் உள்ள கைப்பேசிகளை உறவினரிடமும் நண்பரிடமும் சிறிது நேரம் வாங்கிக்கொண்டு, வீட்டின் கூடத்திலும், அறையிலும், சமையற்கட்டு ஜன்னலருகிலும் வைத்து ஒரு பாடக் காணொளியை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். காலையில் ஒருமுறையும், இரவு 8 மணி முதல் 10 மணிக்குள் ஒருமுறையும் பார்ப்பது நலம். இரவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் கோபுரத்திற்குச் சுமை கூடும். அந்நேரத்திலும் காணொளி தடையின்றி ஓடினால், அந்த நிறுவனத்தின் சிம் நம் வீட்டிற்கு ஏற்றது என்று கொள்ளலாம்.

எந்த இடத்திலும் எந்த நிறுவனத்தின் அலையும் கிடைக்கவில்லையெனில், ரவுட்டர் வாங்குவதை ஒத்தி வைப்பதே அறிவுடைமை. அலை இல்லாமையை அந்நிறுவனத்திடம் புகார் செய்யலாம். தீர்வு கிடைக்காதபோது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். பக்கத்து ஊரில் "நாடி" எனப்படும் தகவல் மையம் இருக்குமாயின், பிள்ளைகள் அங்குச் சென்று பயன்பெறலாம். முன்னர் "பெடி" என வழங்கிய மையங்களே 2024 முதல் இப்பெயரைப் பெற்றுள்ளன.

3. நம் தேவையை அளந்து பார்ப்போம்

இணையத்தின் வேகத்தை "மெகாபிட்" என்ற அளவால் குறிப்பர். ஒரு நொடியில் எத்தனை மெகாபிட் வருகிறது என்பதே வேகம். ஒரு பிள்ளை காணொளி வகுப்பில் அமர்வதற்குச் சுமார் 3 மெகாபிட் வேண்டும். தெளிவான படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். செய்தி அனுப்புவதற்கும் படிவம் நிரப்புவதற்கும் மிகச் சிறிதே போதும்.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வகுப்பில் உள்ளனர்: 6 மெகாபிட். கூடத்தில் பாட்டி படம் பார்க்கிறார்: 5 மெகாபிட். மொத்தம் 11. கைப்பேசிகளுக்கென்று இன்னும் சிறிது சேர்த்தாலும் 20 மெகாபிட்டைத் தாண்டவில்லை. ஆகவே 30 மெகாபிட் திட்டமே இக்குடும்பத்திற்குத் தாராளமானது. 500 மெகாபிட் திட்டத்திற்குக் கையெழுத்திடுவது, இரண்டு பேர் வாழும் வீட்டிற்குத் திருமண அண்டா வாங்குவதற்கு ஒப்பாகும்.

சிம் அட்டையைப் பயன்படுத்துவோர் வேகத்துடன் மாத அளவையும் கணக்கிட வேண்டும். இவ்வளவு "கிகாபைட்" என்று அது குறிக்கப்படும். ஒரு மணி நேரக் காணொளி வகுப்பிற்குச் சுமார் 1 கிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். இரு பிள்ளைகள், நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம், மாதத்தில் 25 நாள் என்றால், 2 x 2 x 25 = 100 கிகாபைட். தெளிவான படம் ஒரு மணி நேரத்திற்கு 3 கிகாபைட் வரை விழுங்கும். மாதத்தில் 20 மணி நேரம் படம் பார்த்தால் அதுவே 60 கிகாபைட். ஆக மொத்தம் 160. நாம் வாங்கிய திட்டம் 100 கிகாபைட் என்றால், மாதக் கடைசியில் பிள்ளைகளின் வகுப்பே நின்றுபோகும். படத்தின் தெளிவைச் சாதாரண அளவிற்குக் குறைத்தால், படத்திற்கான செலவு மூன்றில் ஒரு பங்காகும்.

மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு என்பதையும் அறிக. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு, நொடிக்கு 5 மெகாபைட் அளவையே இறக்கித் தரும். இதை அறியாதவர் தம்மை நிறுவனம் ஏமாற்றிவிட்டதாக எண்ணி வருந்துவர்.

4. இருவகை அலைகள்

ரவுட்டர் பெட்டிகளின் மீது 2.4 என்றும் 5 என்றும் இரு எண்கள் காணப்படும். இவை அலைகளின் வகையைக் குறிப்பன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை.

கோயில் திருவிழாவை நினைவு கூர்வோம். தூரத்து லயத்தில் இருப்பவருக்கு உறுமியின் கனத்த ஓசை கேட்கும். தாளத்தின் மெல்லிய கிண்கிணி ஓசை கேட்பதில்லை. அதுபோலவே, நீண்ட அலையாகிய 2.4 சுவர்களை ஊடுருவித் தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. குறுகிய அலையாகிய 5, வேகம் மிகுந்தது. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும்.

லயத்து வீடுகள் நெருங்கி அமைந்தவை. பத்து வீடுகளில் பத்து ரவுட்டர்கள் 2.4 அலையில் இயங்கினால், சந்தைக்கடை இரைச்சல் போல ஒன்றையொன்று தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலையில் இயங்குவதால் அதுவும் இடையூறு செய்யும். ஆகவே 2.4, 5 ஆகிய இரு அலைகளும் உள்ள பெட்டியையே வாங்க வேண்டும். ரவுட்டர் இருக்கும் அறையில் படிக்கும் பிள்ளைக்கு 5. பின்கட்டில் இருப்பவருக்கு 2.4. நெரிசல் மிகுந்தால் 2.4 அலையில் 1, 6, 11 என்னும் தடங்களுள் அண்டை வீட்டார் பயன்படுத்தாத ஒன்றைத் தேர்ந்து அமைத்துக்கொள்ளலாம். இம்மூன்றும் ஒன்றன்மீது ஒன்று படாதவை.

5. பெட்டியின் மீதுள்ள எண்களைப் படிக்கும் முறை

வைஃபை முறைக்குத் தலைமுறைகள் உண்டு. வைஃபை 4 என்பது 2009இல் வந்தது. வைஃபை 5 என்பது 2013 அளவில் வந்தது. வைஃபை 6 பெட்டிகளுக்கு 2019 முதலும், வைஃபை 7 பெட்டிகளுக்கு 2024 முதலும் சான்றிதழ் வழங்கப்படுகிறது. எண் கூடக்கூட வேகமும், ஒரே நேரத்தில் பல கருவிகளைச் சமாளிக்கும் ஆற்றலும் கூடும். ஆனால் நம் கைப்பேசியும் கணினியும் பழைய தலைமுறையைச் சேர்ந்தவையாயின், புதிய ரவுட்டரின் முழுப் பயனும் நமக்குக் கிட்டாது. சாதாரணக் குடும்பத்திற்கு வைஃபை 5 போதுமானது. விலையில் பெரிய வேறுபாடு இல்லையெனில் வைஃபை 6 வாங்குவது நன்று. அது நெடுநாள் உழைக்கும். வைஃபை 7 நமக்கு இப்போது தேவையில்லை.

"ஏசி 1200" என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பர். அது நமக்குக் கிடைக்கும் வேகம் அன்று. 2.4 அலையின் உச்ச வேகமான 300ஐயும், 5 அலையின் உச்ச வேகமான 867ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கி விளம்பரத்திற்காக எழுதுவது அது. ஒரு கருவி ஒரு நேரத்தில் ஓர் அலையையே பயன்படுத்துவது வழக்கம். அதிலும் சுவரும் தொலைவும் சேர்ந்து, கிடைப்பது அதற்கும் குறைவு. இணைப்பு 30 மெகாபிட் என்றால், 1200 என்ற பெட்டியானாலும் 6000 என்ற பெட்டியானாலும் வருவது அந்த 30 மட்டுமே.

பெட்டியின் பின்புறமுள்ள கம்பித் துளைகளையும் நோக்குக. "10/100" என்று குறித்திருந்தால் அத்துளையில் 100 மெகாபிட்டுக்கு மேல் செல்லாது. கண்ணாடி இழை இணைப்பு 100க்கு மேற்பட்டதாயின் "கிகாபிட்" துளையுள்ள பெட்டி அவசியம். 100க்கு உட்பட்டதாயின் அது அவசியமன்று.

சிம் ரவுட்டர் வாங்குவோர் மேலும் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே 3ஜி மட்டுமே உள்ள பழைய பெட்டிகளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. இரண்டு, வெளிக் கொம்பு பொருத்துவதற்கான துளை உள்ள பெட்டியே தோட்டத்திற்கு ஏற்றது; அலை மெலிந்த இடத்தில் கூரைக்கு வெளியே ஒரு கொம்பை நிறுத்த அது உதவும். மூன்று, ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்குமாறு பூட்டப்பட்ட பெட்டியா, எல்லாவற்றையும் ஏற்குமா என்று கேட்க வேண்டும். 5ஜி பெட்டி விலை கூடியது. 5ஜி அலை நம் வீட்டில் கிடைப்பதைக் கைப்பேசியில் கண்ட பின்னரே அதைப் பற்றி எண்ணலாம்.

"உள்ளே மாற்றியமைத்த பெட்டி, அளவற்ற இணையம்" என்று கூறி விற்போரும் உளர். அத்தகைய பெட்டிக்குத் தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் கிடைக்காது. அளவைத் தீர்மானிப்பது சிம் திட்டமே அன்றிப் பெட்டி அன்று. ஆணையத்தின் சான்று முத்திரை ஒட்டப்பட்ட பெட்டியையே வாங்குக. மின்சாரத்தில் செருகும் துணைக் கருவிக்கும் சிரிம் முத்திரை உண்டா என்று பார்த்துக்கொள்க.

6. பணமும் ஒப்பந்தமும்

2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மழையிலும் பனியிலும் விடியற்காலையில் நிரைக்குச் சென்று ஈட்டும் பணம் அது. மேலே கூறிய தாய் ரொக்கமாக வாங்கியிருந்தால் 150 வெள்ளி. தவணையில் 420 வெள்ளி. வேறுபாடு 270 வெள்ளி. பலநாள் உழைப்பு அத்தவணைத் தாளில் கரைந்தது. எனவே தவணையைத் தவணைத் தொகையால் அளக்காது, மொத்தத் தொகையால் அளந்து பார்க்க வேண்டும்.

இணைப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 24 மாதங்களுக்கானவை. இடையில் நிறுத்தினால் தண்டத் தொகை கட்ட நேரும். தோட்ட வீடு வேலையோடு பிணைந்தது. வேலை மாறினாலோ, தோட்டம் கைமாறினாலோ வீட்டைக் காலி செய்ய நேரலாம். ஆகவே "வீடு மாறினால் இணைப்பையும் மாற்ற இயலுமா? அதற்குக் கட்டணம் எவ்வளவு?" என்று கையெழுத்திடு முன் கேட்க வேண்டும். அத்தகைய குடும்பங்களுக்கு ஒப்பந்தமற்ற முன்கட்டணச் சிம் திட்டமே பாதுகாப்பானது.

ரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்துக. பொருள் சொன்னபடி இல்லையெனில், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 வெள்ளியே. ஆனால் ரசீது இல்லாத வழக்கை நிரூபிப்பது கடினம்.

7. வைக்கும் இடமும் காக்கும் முறையும்

கம்பி இணைப்பு ரவுட்டரை வீட்டின் நடுவில், தரையிலன்றி நெஞ்சளவு உயரத்தில் வைக்க வேண்டும். இரும்பு அலமாரிக்குள்ளும், தொலைக்காட்சியின் பின்புறத்திலும் வைக்கலாகாது. பலகைச் சுவர் அலையைப் பெரிதும் தடுப்பதில்லை, செங்கற்சுவர் தடுக்கும், தகரம் அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். சிம் ரவுட்டரைக் கோபுரம் உள்ள திசையை நோக்கிய ஜன்னலருகே வைக்க வேண்டும். மழைக்குப் பின் நனைந்து நிற்கும் ரப்பர் இலைகளும் கோபுர அலையை மெலியச் செய்யும். ஆகவே ஒரே நாள் சோதனையை நம்பாது, மழை நாளிலும் சோதித்துப் பார்ப்பது நன்று.

நம் நாடு இடி மின்னல் மிகுந்தது. வானம் கறுத்து இடி கேட்கத் தொடங்கியதும் ரவுட்டரின் மின்செருகியைக் கழற்றிவிடுக. விசையை அணைப்பது மட்டும் போதாது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது எனினும், மின்கம்பி வழியே வரும் தாக்குதல் பெட்டியைக் கருக்கிவிடும். வெளியே கொம்பு பொருத்தியிருந்தால், இடி தொடங்கு முன்பே அதன் கம்பியையும் கழற்றி விட வேண்டும். இடி நடுவே அதைத் தொடலாகாது.

பாதுகாப்பு அமைப்பில் "டபிள்யூ.பி.ஏ. 2" அல்லது "டபிள்யூ.பி.ஏ. 3" என்பதைத் தேர்க. "வெப்" என்னும் பழைய முறை எளிதில் உடைபடுவது என 2001இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. பெட்டியில் அச்சிட்டு வந்த மறைச்சொல்லை மாற்றி, 12 எழுத்துக்கும் குறையாத சொல்லை அமைக்க வேண்டும். பிள்ளையின் பிறந்த நாளும் வாகன எண்ணும் ஏற்றவையல்ல. ரவுட்டரின் அமைப்புகளைத் திறப்பதற்கென்று வேறொரு மறைச்சொல் உண்டு, அதையும் மாற்றுக. அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இணையம் கொடுத்துதவுவது நற்பண்பே. அதற்கு "விருந்தினர்" என்னும் தனி இணைப்பைப் பயன்படுத்தினால் நம் கருவிகளும் காப்புப் பெறும், உதவியும் நிறைவேறும். பல ரவுட்டர்களில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் பிள்ளைகளின் கைப்பேசிக்கு இணையம் செல்லாதவாறு அதைக் கொண்டு அமைக்கலாம்.

அந்த வீட்டில் நேர்ந்தது

முன்னர்க் கூறிய வீட்டிற்குத் திரும்புவோம். அன்று மாலையே மூன்று நிறுவனங்களின் சிம் அட்டைகளை வைத்து வீடு முழுவதும் சோதித்தோம். கூடத்தில் எதுவும் பிடிக்கவில்லை. பின்கட்டில், சமையற்கட்டு ஜன்னலருகே ஒன்று மட்டும் நன்றாகப் பிடித்தது. அடுத்த சம்பளத்தில் அவர்கள் ஒரு சிம் ரவுட்டரை ரொக்கத்திற்கு வாங்கி, அந்த ஜன்னலருகே வைத்தனர். பழைய பெட்டியும் வீணாகவில்லை. சிம் ரவுட்டரிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அதில் செருகி, கூடத்திற்கும் அலையைப் பரப்ப வைத்தான் மகன். எஞ்சிய தவணைகளை மட்டும் கடைசி வரை கட்ட வேண்டியதாயிற்று.

நாம் விடைபெற்றபோது அத்தாய் மகனின் தலையைத் தடவி, "இவன் அன்னைக்கே சொன்னான் ஐயா, நான்தான் கேக்கல" என்றார். தவணைத் தாளில் கையெழுத்திடு முன்னர் வீட்டில் படித்த பிள்ளையின் சொல்லுக்கும் செவி கொடுக்க வேண்டும் என்பதை இப்பாடத்தின் இறுதிப் பகுதியாகக் கொள்வோம்.

நினைவிற் கொள்க

1. ரவுட்டர் இணையத்தைப் பகிரும், உண்டாக்காது.
2. வீட்டிற்கு வரும் வழியைச் சோதித்த பின்னரே பெட்டியைத் தேர்க.
3. இரு அலைகளும் உள்ள வைஃபை 5 அல்லது 6 பெட்டி சாதாரணக் குடும்பத்திற்குப் போதும்.
4. மொத்த விலையைக் கணக்கிடுக, முத்திரையைப் பார்க்க, ரசீதைக் காக்க.
5. இடி கேட்டால் செருகியைக் கழற்றுக.

பயிற்சி வினாக்கள்

குடும்பத்தினர் கூடி அமர்ந்து விடை காண்க.

அ. மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் காணொளி வகுப்பில் உள்ளனர். ஒருவர் தெளிவான படம் பார்க்கிறார். எத்தனை மெகாபிட் தேவை? (விடை: 14)

ஆ. மாதம் 28 வெள்ளி வீதம் 10 மாதத் தவணையில் ஒரு பெட்டி. ரொக்க விலை 170 வெள்ளி. கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவு? (விடை: 110 வெள்ளி)

இ. 80 மெகாபிட் இணைப்பு நொடிக்கு எத்தனை மெகாபைட் தரும்? (விடை: 10)

ஈ. நம் வீட்டில் எந்த நிறுவனத்தின் அலை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் நன்றாகக் கிடைக்கிறது? இதற்கான விடை நம் வீட்டில்தான் உள்ளது. சோதித்து, ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்க. கடைக்குச் செல்லும் நாளில் அத்தாளை மறவாது எடுத்துச் செல்க.